சோலார் பம்புசெட்: கோடையில் கை கொடுக்கிறது, ஐப்பசியில் கோபம் வருகிறது

திருத்துறைப்பூண்டியிலிருந்து மச்சினன் போன் செய்து, "அத்தான், நானும் சோலார் போட்டுடட்டுமா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. வேறு சிலரும் இதையே கேட்டுக்கொண்டிருப்பதால் எழுதியே விடுகிறேன்.

என்னிடம் இருப்பது 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், 4.8 கிலோவாட் பேனல். விவசாயிகளுக்கு மானியத்தில் சோலார் பம்பு தருகிற பி.எம். குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் மானியம், விண்ணப்பம் வேளாண்மைப் பொறியியல் துறையில். இதெல்லாம் விசாரித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நான் மன்னார்குடிப் பக்கம், மேட்டூர்த் தண்ணீர் வருகிற பாமணியாற்றுப் பாசனம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அப்படியானால் ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்கள் மாசியிலிருந்து வைகாசி வரை, அதாவது வெயில் கொளுத்துகிற மாதங்கள். குறுவை நெல் நாற்றங்காலுக்கும் கோடை உளுந்துக்கும் போர்வெல் தண்ணீர்தான் கதி. வானம் மூடிக்கொள்கிற ஐப்பசி, கார்த்திகையில் ஆறும் மழையுமே போதும், மோட்டார் தேவைப்படாது. சோலாருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இருக்காது. 2024-ல் ஜூலை 28-ல்தான் அணை திறந்தார்கள். அந்த வருஷக் குறுவையை எங்கள் வயலில் காப்பாற்றியது இந்தப் பேனல்கள்தான். ஆயில் இன்ஜினாக இருந்தால் மணிக்கு ஒரு லிட்டர் டீசல் என்று வைத்துக்கொண்டாலும் 90 ரூபாய்க்கு மேல். அந்தக் கணக்கில் நான் நாற்றே விட்டிருக்க மாட்டேன்.

காலை ஏழரைக்குக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். ஒன்பதுக்கெல்லாம் குழாய் நிறைந்து தொட்டியில் அடிக்கும். நடுப்பகலில் ஒரு மேகம் கடந்தால் தண்ணீர் அப்படியே பின்வாங்கி, பேனல் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுக்கிற கன்ட்ரோலர் பெட்டியில், மோட்டார் வேகத்தைக் காட்டும் எண் 48-லிருந்து 30-க்கு இறங்கும். மேகம் விலகினால் திரும்ப ஏறும். நாலு மணிக்குமேல் எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடினால் பேனல் முழுக்க வைக்கோல் தூசி, தண்ணீர் குறைவது கண்ணாலேயே தெரியும். வெயில் ஏறுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். என் அம்மாவுக்கு இதில் பிடித்தது சத்தம் இல்லாததுதான். இன்ஜின் ஓடும்போது வரப்பில் நின்று கத்தினாலும் காதில் விழாது. இப்போது போர் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசலாம்.

சரி, என் கோபம் என்னவென்றால், இந்தப் பேனல் வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது.

நல்ல வெயிலில் 4.8 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு 20 யூனிட் வரை தரும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட்தான். அதை ஐந்தே நாளில் தருகிற பேனல், ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் ஒரு பல்புகூட எரிக்காமல் வயலில் நிற்கிறது. போன மழைக்காலத்தில் புயல் சின்னம் என்று கரண்ட் போய், வீட்டில் போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பேனல் தெரியும். மேகமூட்டத்திலும் போன் சார்ஜ் போடுகிற அளவு மின்சாரம் அதில் வரத்தான் செய்யும். ஆனால் எனக்குக் கொடுத்த கன்ட்ரோலர் மோட்டாருக்கு மட்டும்தான் வேலை செய்யும். கம்பெனி ஆளிடம் கேட்டதற்கு, "கை வைத்தால் வாரண்டி போயிடும் சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

அப்படி ஒரு வழியே இல்லை என்றால் மனசு ஆறிவிடும். தீவனம் வெட்டும் மெஷின், மாவு மில் போன்றவற்றையும் ஓட்டுகிற பொதுப் பயன் கன்ட்ரோலருக்குக் குசும் விதிகளிலேயே இடம் இருக்கிறது. மின் இணைப்பு உள்ள பம்புகளுக்கு மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கே விற்கும் பிரிவும் இருக்கிறது. போட்டபோது எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

இது மின்சாரத்தோடு முடிகிற நஷ்டமும் இல்லை. டீசல் போட்டவர் வயல் நனைந்ததும் ஓடிப்போய் இன்ஜினை நிறுத்துவார். சோலாரில் ஓடினாலும் காசில்லை, நிறுத்தினாலும் காசில்லை. அதனால் எங்கள் பக்கம் பல வயல்களில் மடை வழிந்து போர்த் தண்ணீர் வடிகாலில் ஓடுவதைப் பார்க்கிறேன். நிறுத்தினால் அந்த மின்சாரம் வீட்டுக்கோ மில்லுக்கோ போகும் என்றிருந்தால் அவரே நிறுத்துவார். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டினால் நெல்லுக்குக் கெடுதல் இல்லை, வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும் என்று வேளாண்மை அதிகாரிகள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். சொன்னால் மட்டும் போதுமா? நிலத்தடி நீரைப் பற்றி அவ்வளவு கவலை இருந்தால் முதலில் இந்தக் கன்ட்ரோலரை மாற்றிக் கொடுங்கள்.

அப்புறம் ரிப்பேர். ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்ந்ததுதான், காசு கேட்கவில்லை. ஆனால் இந்தக் குறுவையில் நாற்றங்கால் ஈரம் காய்கிற நேரத்தில் கன்ட்ரோலர் நின்றது. "ஆள் வெளியூரில் இருக்கார்" என்றே பதில் வந்துகொண்டிருந்தது. கடைசியில் வாடகை இன்ஜினை இறக்கித்தான் நாற்றைக் காப்பாற்றினேன். வந்தவர் கார்டை மாற்றி அரை மணி நேரத்தில் ஓடவைத்துவிட்டார். அந்த அரை மணி நேர வேலைக்கா அவ்வளவு அலைச்சல்?

இதை எடுத்துக்கொண்டு இன்ஜினைத் தருகிறேன் என்று யாராவது வந்தால் கொடுக்க மாட்டேன். ஆனாலும் மச்சினனுக்கு என் பதில், இந்த வருஷம் போடாதே என்பதுதான். உன் பக்கம் கடைமடை, போர்த் தண்ணீரில் உப்பு ஏறுகிறது. முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடு. தேறினால் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போய், வீட்டு வேலைக்கும் உதவுகிற கன்ட்ரோலர் தருவீர்களா, பழுது பார்க்கும் ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று இரண்டையும் எழுத்தில் கேள். வாயால் சொல்கிறோம் என்றால் கையெழுத்துப் போடாமல் திரும்பி வா.