முன்பக்க ஹெட்போன் ஜாக்: நடுத்தர விலை கேபினட் ஒன்றின் மதிப்பீடு

கணினியின் பாகங்களை உள்ளே அடக்கும் பெட்டியான கேபினட்டைப் பற்றி எழுதுவோர் காற்றோட்டம், கண்ணாடிப் பக்கம், வண்ண விளக்குகள் ஆகியவற்றை விரிவாக அலசிவிட்டு, முன்பக்க ஹெட்போன் ஜாக்கைப் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். நாள் முழுவதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் என்னைப் போன்றோருக்கு அந்த ஜாக்கைவிட முக்கியமான உறுப்பு கேபினட்டில் வேறு இல்லை. ஆகவே, சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, அங்கேயே பொருத்தித் தரப்பட்ட மிட் டவர் (நடுத்தர உயர) கேபினட் ஒன்றை அந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். ஒரே வார்ப்பில் உருவான கேபினட்டுகள் பல பெயர்களில் விற்கப்படுவதால், அதன் பெயரைக் காட்டிலும் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதே வாங்குவோருக்குப் பயன்படும்.

தகட்டின் கனம், மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் வைக்கும் இடம், தூசி வலை ஆகியவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஹெட்போன் மட்டும், பின்பக்கப் பச்சை ஜாக்கில் தெளிவாக ஒலித்தும், முன்பக்கத்தில் செருகியபோது சிறு ஓசைகூட எழுப்பவில்லை. பின்பக்கத்தில் ஒலி வருமானால், ஹெட்போனிலும் ஒலிச் சிப்பிலும் பழுதில்லை என்று கொண்டு, ஒயரையும் அமைப்புகளையும் மட்டும் ஆராயலாம். விண்டோஸை மீண்டும் நிறுவும் வீண் வேலைக்கு இடமே இல்லை.

பக்கக் கதவைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. முன்பக்க பேனலிலிருந்து வரும் ஒலி ஒயரின் முனையில் இரண்டு பிளக்குகள் இருந்தன. ஒன்றில் ஏசி97 என்றும், மற்றொன்றில் எச்டி ஆடியோ என்றும் அச்சிடப்பட்டிருந்தது. கடையில் பொருத்தியவர் ஏசி97 பிளக்கை மாட்டியிருந்தார். மதர்போர்டின் (கணினியின் தாய்ப்பலகை) ஒலிப் பின்களில், அதாவது ஒலி ஒயரைச் செருகும் ஊசிகளில், எட்டாவது இடம் காலியாக இருக்கும்; இரண்டு பிளக்குகளிலும் அதற்கேற்ப எட்டாவது துளையே அடைக்கப்பட்டிருப்பதால், அவற்றில் எதை வேண்டுமானாலும் தடையின்றிச் செருகிவிட முடியும். ஆனால் இரண்டும் செயல்படும் முறை வேறு. இன்டெல் 1997-இல் வகுத்த ஏசி97 முறையில், ஹெட்போன் செருகப்பட்டதை மதர்போர்டுக்குத் தெரிவிக்கும் தனி இணைப்பு கிடையாது. 2004-இல் வந்த எச்டி ஆடியோ முறையிலோ, நான்காவது பின் மின்சுற்றின் தரை இணைப்போடு (கிரவுண்ட்) இணைந்து, எச்டி பேனல் மாட்டப்பட்டுள்ளது என்பதை அறிவிக்கிறது. ஜாக்குக்குள் இருக்கும் சிறு சுவிட்ச், மைக் செருகப்பட்டால் ஆறாவது பின் வழியாகவும் ஹெட்போன் செருகப்பட்டால் பத்தாவது பின் வழியாகவும் அச்செய்தியை அனுப்புகிறது. செய்தி வந்து சேராதபோது, ஒலிச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் அந்த ஜாக்கைக் காலியானது என்றே கருதி ஒலியை அனுப்பாமல் இருந்துவிடுகிறது. எச்டி பிளக்கை மாட்டியதும் ஒலி வந்தது.

ஏசி97 பிளக் மட்டுமே உள்ள பழைய கேபினட் வைத்திருப்போர், ஒலிச் சிப்புக்கான ரியல்டெக் மென்பொருளில் முன்பக்க ஜாக்கைக் கண்டறியும் வசதியை அணைத்துவிடலாம்; சில போர்டுகளில், மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட பயாஸிலேயே முன்பக்க பேனலின் வகையை மாற்றும் தெரிவு உண்டு. பின்கள் இருக்கும் இடத்தை ஏசஸ் போர்டுகளில் ஏஏஎஃப்பி என்றும், எம்எஸ்ஐ போர்டுகளில் ஜேஏயுடி1 என்றும் அச்சிட்டிருப்பார்கள். யூஎஸ்பி 2.0 பின்கள் பார்வைக்கு ஏறக்குறைய இதைப் போலவே இருந்தாலும், அங்கே காலியாக இருப்பது ஒன்பதாவது இடம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளக் இறங்க மறுத்தால் அழுத்தக் கூடாது.

ஒலி வந்த பிறகுதான் கேபினட்டின் உண்மையான குறை வெளிப்பட்டது. மவுஸை நகர்த்தினால் மெல்லிய கீச்சொலியும், கிராபிக்ஸ் கார்டு கடுமையாக உழைக்கும்போது ஓர் இரைச்சலும் பேச்சுக்கு அடியில் தொடர்ந்து கேட்டன. ஒலிப் பின்கள் பெரும்பாலான மதர்போர்டுகளில் பின்பக்கக் கீழ் மூலையில் அமைந்திருப்பதால், முன்பக்கத்திலிருந்து வரும் ஒயர் போர்டின் முழு அகலத்தையும், கிராபிக்ஸ் கார்டின் அடிப்பகுதியையும் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் செல்லும் ஒயருக்கு உலோக வலையுறை அவசியம். இந்த கேபினட்டிலோ, உறையில்லாத மெல்லிய ஒயர்களை ஒன்றாகக் கட்டி விட்டிருக்கிறார்கள். மதர்போர்டுத் தகட்டுக்குப் பின்புறமாக அந்த ஒயரைத் திருப்பிவிட்டதில் கிராபிக்ஸ் கார்டின் இரைச்சல் அடங்கியது. கீச்சொலி மட்டும் அடங்கவில்லை. முன்பக்க யூஎஸ்பி பிளக்கைக் கழற்றிவைத்துக் கேட்டபோது அதுவும் பெருமளவு மறைந்ததிலிருந்து, பேனலின் சிறிய சர்க்யூட் அட்டையில் யூஎஸ்பிக்கும் ஒலிக்கும் ஒரே தரை இணைப்பைத் தந்திருக்கிறார்கள் என்றே கருதுகிறேன். இதைப் பயனர் சரிசெய்ய வழியில்லை. மிகச் சிறிய செலவில் தவிர்த்திருக்கக்கூடிய இந்தக் குறையை, மணிக்கணக்கில் காதில் கேட்டுக்கொண்டிருப்பவர் தாங்க வேண்டியிருக்கிறது என்பதே என் வருத்தம்.

ஜாக்கைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் துளையும் தேவைக்கு மேல் ஆழமாகவும் குறுகலாகவும் உள்ளது. கழுத்து தடித்த பிளக்குகள் முழுவதும் இறங்காமல் நின்று, ஒரு காதில் மட்டும் ஒலி தருகின்றன. மெல்லிய கழுத்துள்ள பிளக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இப்போது நான் முன்பக்க ஜாக்கை விட்டுவிட்டு, ஆப்பிள் நிறுவனத்தின் சிறிய டைப்-சி ஹெட்போன் அடாப்டரை யூஎஸ்பி துளையில் செருகிப் பயன்படுத்துகிறேன். டிஜிட்டல் தரவை ஒலிக்கான மின்னலையாக (அனலாக்) மாற்றும் சிப் அடாப்டருக்குள்ளேயே இருப்பதால், கேபினட்டுக்குள் நீண்ட அனலாக் ஒயரின் தேவையே இல்லாமல் போகிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் தனி டிரைவர் வேண்டியதில்லை. பேச்சைக் கேட்கும் வேலைக்கு இதன் அமைதி எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கேபினட்டுக்கு ஐந்தில் நான்கும், அதன் ஒலிப் பேனலுக்கு ஐந்தில் ஒன்றரையும் தருவேன். கடையில் பணம் கொடுப்பதற்கு முன், பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்லி, ஒலி ஒயர் உறையுடன் தனியாக வருகிறதா என்று பாருங்கள். உங்கள் ஹெட்போனையும் கையோடு எடுத்துச் சென்று, அதன் பிளக் அடிவரை இறங்குகிறதா என்று அங்கேயே செருகிப் பார்த்துவிடுங்கள்.