ஆயில் எஞ்சினுக்கு இரண்டடிச் சைலன்சர்: சில பருவங்கள் ஓட்டிய அனுபவம்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, முள்ளியாற்றின் கிளை வாய்க்கால் ஓரத்தில், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எங்கள் ஆயில் எஞ்சினின் இரண்டடி நீளச் சைலன்சர் மறுபடியும் கழுத்தில் விரிசல் விட்டது. குறுவை நடவு தொடங்குவதற்குள் அதைப் பட்டறையில் பற்றவைத்து எடுத்து வந்து மாட்டியிருக்கிறேன். விரிசல் விடும் இடம் மாறுவதே இல்லை. ஃபிளாஞ்சிலிருந்து (எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கும் தட்டிலிருந்து) குழாய் கிளம்பும் இடத்தில், பற்றவைத்த இடத்துக்கு ஒரு நூல் (எட்டில் ஒரு அங்குலம்) தள்ளி, மயிரிழைபோலத் தொடங்கிக் குழாயைப் பாதிச் சுற்று சுற்றிவிடும். உடம்புத் தகட்டிலோ, இரு பக்கத்து மூடிகளிலோ, உள்ளே இருக்கும், ஓட்டைகள் போட்ட குழாயிலோ இன்றுவரை ஒரு குறையும் இல்லை. தன் வேலையை இவ்வளவு நன்றாகச் செய்யும் ஒரு பொருள், தன்னைத் தாங்க வேண்டிய ஓரிடத்தில் மட்டும் இப்படித் திரும்பத் திரும்பக் கைவிடுவது எனக்கு உண்மையாகவே கோபத்தைத் தருகிறது.

எஞ்சின் எல்லோரும் அறிந்த வகைதான்: 5 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், நிமிடத்துக்கு 1500 சுற்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, மின்கம்பங்களை வரிசை வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போன பிறகு வாங்கியது. மின்சாரம் திரும்பி வந்த பின்னும் அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம் என்றாலும், 2024-இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். உரிய நாளில் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்போது வாய்க்காலின் மட்டம் வயலுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. முறைத் தண்ணீர் நள்ளிரவில் வந்தால், மட்டம் இறங்குவதற்குள் இறைத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் கொட்டகைக்கும் குடியிருப்புத் தெருவுக்கும் நடுவே சில வயல்களே இருக்கின்றன. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பச்சைக் குழந்தைகளும் முதியவர்களும் உறங்கும் தெருவை நோக்கி விடிய விடிய எஞ்சினை அலறவிட எனக்கு மனம் வரவில்லை. எஞ்சினோடு வந்த ஓரடிச் சைலன்சரைக் கழற்றிவிட்டு இரண்டடி நீளத்தை மாட்டியதற்குக் காரணம் அதுதான்.

நீளம் கூடினால் சத்தம் அதே கணக்கில் குறையும் என்று கடையில் சொல்கிறார்கள். விஷயம் அப்படி இல்லை. குறுகிய குழாயில் வரும் ஒலி சைலன்சரின் அகன்ற உருளைக்குள் நுழையும்போது ஒரு பகுதி திரும்பி அடிக்கிறது. போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. எவ்வளவு அழியும் என்பதைப் பெரும்பாலும் உருளையின் அகலமும், எந்தச் சுருதி அழியும் என்பதை நீளமும் முடிவு செய்கின்றன. உருளையின் விட்டம் குழாயைப்போல மூன்று மடங்கு இருந்தால், சரியாக அமைந்த சுருதியில் 13 டெசிபல் வரை குறையும். நான்கு மடங்கானால் 18 வரை. சுமார் 350 டிகிரி செல்சியஸ் சூடுள்ள புகையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் போகிறது. ஒலி அலையின் கால் பங்கு நீளம் உருளையின் நீளத்துக்குச் சமமாகும் இடத்தில்தான் அடக்கம் அதிகம். அதன்படி, 30 சென்டிமீட்டர் உருளை 400 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே நன்றாக வேலை செய்யும். 60 சென்டிமீட்டர் உருளை 200-ஐ ஒட்டிய சத்தத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். காதைக் குத்தும் அந்த முரட்டுப் படபடப்பில் பெரும் பங்கு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நீளத்துக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

அதே கணக்கு நீளத்தால் ஆகாததையும் சொல்லிவிடுகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. 1500 சுற்றில் நிமிடத்துக்கு 750, நொடிக்குப் பன்னிரண்டரை. அந்த அடிச்சத்தத்தை இதே முறையில் அடக்க வேண்டுமானால் உருளை 10 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். ஆகவே எந்தச் சைலன்சரை மாட்டினாலும் 'தொம் தொம்' என்ற அடி இருந்துகொண்டேதான் இருக்கும். இன்னொன்று, உள்ளே தடுப்பே இல்லாத வெற்று இரண்டடி உருளை 400 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு சுருதியைத் தடையின்றி வெளியே விட்டுவிடும். மலிவான நீளச் சைலன்சர்களில் கேட்கும் அந்த ஊளைக்கு இது ஒரு காரணம். உள்ளே ஒரு தடுப்புத் தகடு வைத்து, உருளையைச் சமமில்லாத இரண்டு அறைகளாகப் பிரித்தால், ஓர் அறை விட்டதை மற்றது பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது கையால் தட்டிக்கொண்டே நகர்ந்தால், தடுப்பு இருக்கும் இடத்தில் ஓசை மாறுவது தெரியும்.

துப்பாக்கிக்கான சைலன்சரை விற்பனைக்குக் கொண்டுவந்து 1909-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஹிரம் பெர்சி மாக்ஸிம் தொடங்கிய நிறுவனமே பிற்பாடு எஞ்சின்களுக்கும் சைலன்சர் செய்தது. துப்பாக்கிச் சைலன்சருக்கு இங்கே இடமில்லை. ஆனால் துப்பாக்கிக்குச் சைலன்சர் வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கும் நமக்கும் உள்ள கேள்வி ஒன்றே: கூடுதல் நீளத்தால் கிடைக்கும் அமைதி, அது நுனியில் ஏற்றும் பாரத்துக்கு ஈடாகுமா?

அமைதி என்பது எனக்குத் தெருவுக்காகத்தான் வேண்டியிருந்தது. கிடைத்தது அதைவிட அதிகம். இரண்டடிச் சைலன்சரை மாட்டிய பிறகு கொட்டகைக்குள் பம்பின் சத்தம் தனியாகக் கேட்கத் தொடங்கியது. வாய்க்காலில் மட்டம் இறங்கி, ஃபுட் வால்வுக்கு (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வுக்கு) மேலே சிறு சுழி விழுந்து, குழாய் காற்று வாங்க ஆரம்பித்தால், டெலிவரிக் குழாயின் வாயில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கொளகொளவென்று விட்டு விட்டு விழும். பாரம் குறைந்த எஞ்சின் ஒரு கணம் இலேசாக மூச்சு விடும். முன்பெல்லாம் இது எதுவும் காதில் விழாது. மடையில் தண்ணீர் நின்ற பிறகே தெரியவரும். அதற்குள் பம்பு வறண்டு ஓடி, பம்பின் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்டுக் கயிறு கருகியிருக்கும். இப்போது பத்து வரப்பு தள்ளி நாற்றங்கால் அருகே நின்றாலும் அந்த மாற்றம் காதுக்கு எட்டிவிடுகிறது. கத்தாமல் பேச முடிகிறது. எஞ்சின் ஓட்டியே பழகிய பெரியவர்கள் பலர் காது மந்தமாகி, பேரப்பிள்ளைகளின் பேச்சுக்கு வெறுமனே தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நிற்பதே செவிக்குக் கேடு. இந்த ஒரு காரணத்துக்காகவே நீளச் சைலன்சரை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

நீளம் எஞ்சினின் மூச்சை அடைக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. அகன்ற உருளையின் நீளத்தால் வரும் தடை சொற்பம். மூச்சை அடைப்பது உள்ளே இருக்கும் ஓட்டைக் குழாய்தான். 40 மில்லிமீட்டர் குழாயின் வாய்க்கு ஈடாக 6 மில்லிமீட்டர் ஓட்டைகள் 45-ஆவது வேண்டும். அதற்குக் குறைத்துத் துளைத்தாலும், கரி பிடித்துப் பாதி அடைத்துக்கொண்டாலும், முழுப் பாரத்தில் கறும்புகை தள்ளும். எங்களுடையதில் ஓட்டைகள் தாராளமாக இருக்கின்றன. புகையிலும் டீசல் செலவிலும் நான் வேறுபாடு எதையும் காணவில்லை.

கழுத்து விஷயத்துக்கு வருகிறேன். ஒரே தகட்டில், ஒரே அகலத்தில் நீளத்தை இரட்டித்தால் எடை இரண்டு மடங்காகிறது; எடையின் மையமும் இரண்டு மடங்கு தள்ளிப் போகிறது. எனவே ஃபிளாஞ்சின் மேல் விழும் இழுப்பு நான்கு மடங்கு. நிறைகுடத்தை இடுப்பில் வைத்திருப்பதற்கும் கையை நீட்டிப் பிடித்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. அந்தக் கையை ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஓயாமல் உலுக்கிக்கொண்டும் இருக்கிறது. ஓரடிச் சைலன்சருக்காக வார்த்த ஃபிளாஞ்சில், அதே இரண்டு போல்ட்டில், அதே கனக் குழாயில் இரண்டடியைத் தொங்கவிட்டு விற்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனாலும் பெட்டிக்குள் ஒரு தாங்கி கிடையாது; தாங்கி வேண்டும் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. முதல் விரிசலின்போது வேலை பார்த்த பட்டறைக்காரர், சைலன்சரின் நுனியைக் கொட்டகைத் தூணோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். எஞ்சின் ஆடுகிறது, தூண் ஆடவில்லை. நடுவில் அகப்பட்ட கழுத்து முன்னைவிடச் சீக்கிரம் விட்டுப்போனது.

இந்த முறை வேறொருவர், எஞ்சினின் அடிச்சட்டத்திலிருந்தே ஓர் ஆங்கிளை ('எல்' வடிவ இரும்புப் பட்டையை) எழுப்பி, சைலன்சரின் பின்பாதியை யு கிளாம்பில் பிடித்திருக்கிறார். எஞ்சினும் தாங்கியும் சைலன்சரும் சேர்ந்தே ஆடும். கிளாம்பு உட்காரும் துளையை வட்டமாகப் போடாமல் நீள்வட்டமாக வெட்டச் சொன்னேன். உடம்பு 250 டிகிரி சூடேறினால் 60 சென்டிமீட்டர் இரும்பு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும், அதற்கு வழி இல்லாவிட்டால் அந்த நெருக்கலும் கழுத்துக்கே போகும். கழுத்தில் தடித்த குழாயும், ஃபிளாஞ்சோடு சேரும் மூலைகளில் சிறு முக்கோணத் தகடுகளும் வைத்துப் பற்றியிருக்கிறார். வேலை அழகாக இருக்கிறது. ஆனால் புதுச் சைலன்சருக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதி இந்தப் பற்றுகளுக்கே போய்விட்டது என்பதை என்னால் எளிதில் விட முடியவில்லை.

தண்ணீர்ப் பிரச்சினையும் உண்டு, அது சிறியது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. நீளச் சைலன்சர் மெதுவாகச் சூடேறுவதால், எஞ்சின் கிளம்பியவுடன் அந்த ஆவியில் ஒரு பங்கு உள்ளேயே குளிர்ந்து தங்கும். வெளிமுனை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி மாட்டி, அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் வடிந்துவிடும். எங்களைப்போல உப்புக்காற்று வீசும் பகுதியில் அந்தத் துளை அவசியம். ஐப்பசி மழையில் வாயை மூடி வைக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

மன்னார்குடியில் இருக்கும் என் மைத்துனர், பற்றவைத்து வந்ததைப் பார்த்துவிட்டு, "அத்தான், நானும் ரெண்டடியே வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். அவருடைய எஞ்சின் வண்டியில் வைத்துக் கொல்லைக்குக் கொல்லை இழுத்துப் போவது. வரப்பு மேட்டில் ஏறி இறங்கும்போது வாங்கும் அடி, ஓடும்போது வாங்கும் அதிர்வைவிடக் கொடியது. "வேண்டாம் மாப்பிள்ளை, ஓரடியையே வைத்துக்கொண்டு, புகைவாயைத் தெருப் பக்கமிருந்து திருப்பி, வண்டியையும் தெருவிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் தானாகக் குறையும்" என்றேன். நிலையான கொட்டகையில் சிமெண்ட் மேடையில் இறுகிய எஞ்சினுக்கும் இன்றைக்கு ஓரடியே போதும் என்றுதான் சொல்வேன். இரவில் கிடைத்த அமைதியைப் பற்றி மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் குறைக்க மாட்டேன். எங்கள் எஞ்சினிலிருந்து இரண்டடியைக் கழற்றவும் போவதில்லை. ஆனாலும் கடையில் இப்போது விற்கும் நிலையில், தாங்கி இல்லாமல், ஓரடிக்கான கழுத்தோடு வரும் இரண்டடிச் சைலன்சரை யாரும் காசு கொடுத்து வாங்கக் கூடாது. வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள், முதல்முறை எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே அதைப் பட்டறைக்கு எடுத்துப் போய், அடிச்சட்டத்திலிருந்து ஆங்கிளும், நீள்வட்டத் துளையும், யு கிளாம்பும் போட்டு வாங்கி, அந்தக் கூலியையும் சேர்த்தே சைலன்சரின் விலையாகக் கணக்கிட வேண்டும்.