கிரிஃபினா, ஹிப்போகிரிஃபா?

ரெண்டுமே பழைய கதைகள்ல வர்ற, பறக்குற கற்பனை மிருகங்க. ரெண்டுக்கும் முன்பாதி கழுகுதாங்க, தலை, இறக்கை, பெரும்பாலும் முன்னங்கால் நகம் வரைக்கும், அதனால படத்துல பின்பாதிய மறைச்சுட்டா எது எதுன்னே தெரியாது. பின்னாடி போனா கிரிஃபினுக்கு சிங்க உடம்பு, ஹிப்போகிரிஃபுக்கு குதிரை உடம்பு.

வயசுல கிரிஃபின் கிட்டயே நெருங்க முடியாது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டுலயே கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ், வடக்க தங்கத்த கிரிஃபின்கள் வச்சிருக்குன்னும் அரிமாஸ்பியர்கள்ங்கற ஒத்தக்கண்ணு ஆளுங்க அத திருடுறாங்கன்னும் ஒரு கதைய எழுதி வச்சிட்டாரு (ஒத்தக்கண்ணு ஆளுங்க இருக்காங்கங்கறத அவரே நம்பல, அது தனி காமெடி).

ஹிப்போகிரிஃப் பிறந்த கதைதான் செம. ரோமானியக் கவிஞர் வர்ஜில், நடக்கவே நடக்காத விஷயத்துக்கு உதாரணமா 'கிரிஃபினும் குதிரையும் ஜோடி சேரும்'னு ஒரு வரி எழுத, அத இத்தாலிக்காரர் அரியோஸ்தோ புடிச்சுக்கிட்டு 1516-ல வந்த தன் காவியத்துல கிரிஃபின் அப்பா, குதிரை அம்மான்னு குட்டியே பிறக்க வச்சுட்டாரு!

புதையல், கோட்டை, கொடிச்சின்னம் இதுக்கெல்லாம் கிரிஃபின்தான் கெத்து. ஹீரோ ஏறிப் பறக்கணும்னா என் ஓட்டு ஹிப்போகிரிஃபுக்கு. ஆனா கடிவாளம் கைல இருக்குன்னு நம்பிடாதீங்க, அரியோஸ்தோவோட காவியத்துல ருஜியேரோங்கற வீரன் ஏறி உக்காந்ததும் அது அவன் பேச்சக் கேக்காம அவனத் தூக்கிட்டு கடல் தாண்டி எங்கயோ போயிடும்.