பிளாக்பள்ளியில் கொள்ளுத்தாத்தா: டைரக்டரியா, வரைபடமா?

கொள்ளுத்தாத்தாவுக்கு வந்த பழைய கார்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. முகவரி: 'பிளாக்பள்ளி, பெங்களூர் தண்டு'. தண்டு என்றால் ஆங்கிலேயரின் பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் பகுதி. அவ்வளவுதான், கதவு எண்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு அவர் இருந்த வீட்டைத் தேட, முதலில் டைரக்டரிகளில்தான், அதாவது ஊர்க்காரர்களின் பெயரும் உத்தியோகமும் அச்சிட்ட பட்டியல் புத்தகங்களில்தான், விழுந்தேன். ஆறு மாதம் போயிற்று.

பழைய டைரக்டரிகளில் கல்கத்தாவின் தாக்கர் 1885 முதல் இந்தியா முழுவதற்குமாக வந்தது. சென்னையின் அசைலம் அச்சக அல்மனாக் தென்னிந்தியாவுக்கானது. முன்னோரைத் தேடும் தண்டுத் தமிழர்கள் டைரக்டரிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெயரும் உத்தியோகமும் கிடைக்கும் என்பது பெரிய விஷயம். ஆனால் யாருடைய பெயர்? அதிகாரி, வக்கீல், கம்பெனிக்காரர். ஆற்காடு நாராயணசாமி முதலியார் போன்ற பெரிய காண்டிராக்டரின் வம்சம் என்றால் தைரியமாகத் திறக்கலாம். பட்டாளத்துக்குச் சமைத்தவருக்கும் கல் சுமந்தவருக்கும் அதில் இடம் ஏது? எழுத்துக்கூட்டலோ தனித் தொல்லை. முத்துசாமியை ஆங்கில 'யு' போட்டுத் தேடினால் சிக்கமாட்டார். அன்றைய வெள்ளைக்காரர் இரண்டு 'ஓ' போட்டு எழுதியிருப்பார்.

வரைபடத்தில் ஆள் பெயரே இருக்காது. இருந்தும் எனக்கு வழி விட்டது அதுதான். பழையதையும் புதியதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். பிளாக்பள்ளி இன்றைய சிவாஜிநகர். கேவல்ரி ரோடு காமராஜ் ரோடாகியிருக்கிறது, சவுத் பரேடு எம்.ஜி. ரோடாகியிருக்கிறது, நாக்ஸ்பேட்டை மர்பி டவுனுக்குள் மறைந்துவிட்டது. 1880களிலேயே பிரேசர் டவுனில் நமக்குச் சொந்த வீடு இருந்தது என்று பெரியம்மா அடித்துச் சொல்வார். அந்தப் பேட்டையே 1898 பிளேக்குக்குப் பிறகு உருவானது. இதை அவரிடம் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆகவே என் கட்சி வரைபடம். முதலில் அதில் தெருவைப் பிடியுங்கள். பிறகு டைரக்டரியில் அந்தத் தெருக்காரர்களைப் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பக்கத்துக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு இரண்டையும்விட மேல். 1881இல் மைசூர் ராஜ்யம் மகாராஜாவிடம் திரும்பிய பிறகும் தண்டு 1947 வரை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. மைசூர் அரசின் ஏடுகளோடு நின்றுவிடாதீர்கள்.

கார்டின் ஓரத்தில் பென்சிலால் 'மாரியம்மன் கோயில் பக்கம்' என்று மங்கலாக இருந்ததை வரைபடம் விரித்த பிறகுதான் கவனித்தேன். தண்டு மாரியம்மன் இன்றும் சிவாஜிநகரில்தான் இருக்கிறாள். சுற்றி எத்தனை சந்துகள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.