செயின் மட்டுமா, முழு செட்டா? ஒரு பள்ளி ரூலரின் தீர்ப்பு

எங்கள் புளோக்கை ஒட்டிய அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் இரண்டாம் தளம், பைக்காரர்களுக்கு ஒரு மாதிரி திண்ணை. போன மாதம் ஒருநாள் இரவு, உணவு டெலிவரி முடித்து வந்த தம்பி ஒருவர் தன் 150 சிசி பைக்கை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“அண்ணே, வொர்க்‌ஷாப் அங்கிள் ‘செயின் ஃபினிஷ் லா, சேஞ்ச் ஃபுல் செட்’னு சொல்றார். 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. தலையில மிளகாய் அரைக்கிறாரா?”

ஃபுல் செட் என்றால் செயினோடு, அது ஓடும் முன்பின் பற்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகளும். மேலே போய் மகளின் பள்ளிப் பையிலிருந்து 30 செ.மீ. ரூலரை எடுத்து வந்தேன். என்ன அளந்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், செயின் போய்விட்டதா என்று பார்க்க நம்மவர்கள் வைத்திருக்கும் வழிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்க்கலாம். எல்லா வழியும் ஒரே தரமில்லை.

முதலில் கிலோமீட்டர் கணக்கு. சாதா செயின் என்றால் பத்து, பதினைந்தாயிரம். ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயின் என்றால் இருபது, முப்பதாயிரம் என்று கடைகளில் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் அது யாரோ ஒருவருடைய பைக்கின் கணக்கு. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் ஊர் நம் சிங்கப்பூர். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அடுத்த ஆர்டருக்குப் பறக்கும் டெலிவரி தம்பியின் செயினும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேக்காவுக்குப் போய் வரும் என் செயினும் ஒரே வயதில் சாகுமா? விடிகாலையில் மலேசியாவின் ஜோகூரிலிருந்து உட்லண்ட்ஸ் பாலத்து நெரிசலில் முதல் கியரிலேயே இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். ஓடோமீட்டர் ‘இனிமேல் பார்க்கத் தொடங்கு’ என்று நினைவூட்டும், அவ்வளவுதான்.

அடுத்தது லூஸ். “அடிக்கடி லூஸ் ஆகுது, அதனால செயின் போச்சு” என்பார்கள். பாதி உண்மை. மாதக்கணக்கில் டைட் பண்ணத் தேவையில்லாத செயின், திடீரென்று வாரா வாரம் லூஸ் ஆகத் தொடங்கினால் அது நல்ல தடயம். ஆனால் எவ்வளவு தேய்ந்த செயினையும் அட்ஜஸ்டரைத் திருகி டைட்டாகக் காட்டிவிடலாம். சில ஹோண்டா பைக்குகளில் அட்ஜஸ்டர் பக்கத்திலேயே சிவப்புப் பட்டை ஒன்று இருக்கும். குறி அதைத் தொட்டால் செயினை மாற்று என்று பொருள். உங்கள் பைக்கில் அது இருந்தால் அதிர்ஷ்டம்.

மூன்றாவது, பல்லைக் கண்ணால் பார்ப்பது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பல் ஒரு பக்கம் சாய்ந்து, சுறா மீனின் துடுப்பு மாதிரி ஆகிவிட்டால் சந்தேகமே வேண்டாம். சிக்கல் என்னவென்றால், அது தெரியும்போது காலம் கடந்திருக்கும். உண்மையை முதலில் சொல்வது முன் ஸ்ப்ராக்கெட். முன்னால் 14 பல், பின்னால் 42 என்றால், பின் சக்கரம் ஒரு சுற்றுப் போக முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்றுப் போகிறது. அதன் ஒவ்வொரு பல்லும் மூன்று மடங்கு அடி வாங்குகிறது. அதுவோ ஒரு மூடிக்குள் கிடக்கிறது. இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றினால் போதும், யாரும் கழற்றுவதில்லை. திறந்தால் உள்ளே கிரீஸும் மண்ணும் சேர்ந்து கறுப்பு அல்வா மாதிரி அப்பியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் பல்லே தெரியும்.

நான்காவது, இழுத்துப் பார்ப்பது. எஞ்சினை அணைத்து நிறுத்திய நண்பன் பைக்கில்கூட இதைப் பார்த்துவிடலாம். செயின் இருக்கும் இடதுபக்கம் நின்று, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில், கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்தில், செயினைப் பிடித்துப் பின்பக்கமாக இழுங்கள். நல்ல செயின் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பி வந்தால் கதை முடிந்தது. இடையில் இருந்தால் ரூலரை எடுக்க வேண்டும்.

ரூலர் ஏன் கடைசித் தீர்ப்பு என்று புரிய, செயின் எப்படி நீள்கிறது என்று தெரிய வேண்டும். ‘செயின் இழுபட்டுப் போச்சு’ என்கிறோம். உண்மையில் தகடு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. லிங்குகளைக் கோக்கும் ஆணியும் அது சுழலும் குழலும் ஒன்றையொன்று உரசித் தேய்கின்றன. ஒரு லிங்குக்கு 0.1 மி.மீ. தேய்ந்தாலும் 120 லிங்குக்கு 12 மி.மீ. ஆகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் மொத்த நீளத்தில் வந்து நிற்கிறது.

2பி உரிமத்துக்காரர்கள் ஓட்டும், 200 சிசிக்கு மேற்படாத சிறிய பைக்குகள் பலவற்றில் 428 அளவுச் செயின். அதன் ஒரு லிங்க் 12.7 மி.மீ., அதாவது சரியாக அரை அங்குலம். 20 லிங்க் 254 மி.மீ., சரியாகப் பத்து அங்குலம். பள்ளி ரூலரின் அங்குலப் பக்கமே போதும்! பைக்கை ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, கியரில் வைத்து, பின் சக்கரத்தை முன்னோக்கித் திருப்பிப் பிடித்தால் கீழ்ப்பக்கச் செயின் விறைத்துக்கொள்ளும். ஒரு ரிவெட்டின், அதாவது லிங்கைக் கோக்கும் ஆணித் தலையின், இடது ஓரத்தில் தொடங்கி 21ஆவது ரிவெட்டின் இடது ஓரம் வரை அளங்கள். மையத்திலிருந்து மையம் என்று கண்ணைச் சுருக்க வேண்டாம், ஓரத்துக்கு ஓரம் அதே அளவுதான். பிறகு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து செயினைச் சுற்றி, வேறு மூன்று நான்கு இடங்களிலும் அளக்க வேண்டும்.

பெரிய பைக்குகளின் 520, 525, 530 செயின்களில் ஒரு லிங்க் 15.875 மி.மீ.; 20 லிங்க் 317.5. ரூலர் பத்தாது, டேப் வேண்டும்.

எவ்வளவு நீண்டால் மாற்றுவது? இங்கே கம்பெனிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அந்த 317.5 மி.மீ.க்கு சுசுகி கையேடுகள் 319.4 வரை போகவிடும். கவாசாகி கையேடுகள் 323 வரை. முதலாவது அரை சதவீதத்துக்குச் சற்று மேல், இரண்டாவது ஒன்றே முக்கால் சதவீதம் பக்கம். உங்கள் பைக்கின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். கையேடு தொலைந்துவிட்டால் நான் ஒரு சதவீதத்தில் நிறுத்திக்கொள்வேன். 428 செயினில் அது 256.5 மி.மீ.

சரி, மாற்ற வேண்டும் என்று முடிவாகிவிட்டது. செயின் மட்டும் போதுமா, முன்பின் ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாகவா?

செயின் மட்டும் மாற்றிப் பார்த்த புண்ணியவான் நான். சில வருஷங்களுக்கு முன், ஒரு கடையில் “ஸ்ப்ராக்கெட் ஓகே லா, ஸ்டில் கேன்” என்று சொல்ல, எனக்கும் காசு மிச்சம் என்ற சந்தோஷம். முதல் வாரம் பைக் வெண்ணெய். மூன்றாம் மாதம் மெதுவாகப் போகும்போது கீழேயிருந்து ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். நான்காம் மாதம் அட்ஜஸ்டர் பாதித் தூரம் போய்விட்டது. மூடியைக் கழற்றினால், முன் ஸ்ப்ராக்கெட்டின் பற்களுக்கு இடையிலான பள்ளமெல்லாம் அகண்டு கொக்கி மாதிரி. நீண்டுபோன பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த பல் அதற்கேற்றபடி உருமாறியிருக்கிறது. புதுச் செயினின் உருளைகள் அதில் எல்லாப் பல்லிலும் ஒட்டி உட்காராமல், ஓரிரு பல்லிலேயே முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. புதுச் செயின் அவசர அவசரமாகப் பழையதாகிறது. மறுபடியும் செட்டாக வாங்கினேன். மிச்சம் பிடித்ததும் போய், அதற்கு மேலும் போனது.

பழைய செயினை வைத்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றுவதும் இதே கூத்துதான், திசை மட்டும் வேறு. நீண்ட செயின் புதுப் பல்லின் மேலே ஏறி உட்காரும், பல் சீக்கிரமே சாயும்.

ஒரே ஒரு விதிவிலக்கை ஏற்றுக்கொள்வேன். செயின் அனுமதித்த தேய்மானத்தில் பாதிகூட எட்டவில்லை, ஆனால் முன் ஸ்ப்ராக்கெட் கூராகத் தொடங்கிவிட்டது என்றால், அதை மட்டும் மாற்றலாம். சிறிய பைக்குக்கு அதன் விலை தேக்காவில் இரண்டு மூன்று பிரியாணிப் பொட்டலம் வாங்கும் காசுதான். செயினின் ஆயுளும் கொஞ்சம் கூடும். இதைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த போட்டி சாதா செயினுக்கும் ஓ-ரிங் செயினுக்கும். ஓ-ரிங்கில் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் ரப்பர் வளையம் கிரீஸை உள்ளே அடைத்து வைத்திருக்கும்; மழைத் தண்ணீரும் மணலும் எளிதில் உள்ளே போகாது. எக்ஸ்-ரிங் அதே வேலையைக் குறைந்த உரசலோடு செய்வது, விலையும் ஒரு படி மேல். தினமும் வேலைக்கு ஓட்டுபவர், அதிலும் பாலம் கடப்பவர், சாதா செயின் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓ-ரிங் விலை இரண்டு மடங்கானாலும் ஓடும் தூரத்தில் அதைக் கழித்துவிடும். ஆனால் இந்த ஊருக்கே உரிய ஒரு கணக்கு உண்டு: சிஓஇ, வண்டியைச் சாலையில் வைத்திருக்க வாங்கும் பத்து வருஷ உரிமைச் சான்றிதழ். பத்து வருஷம் முடிய இன்னும் எட்டு மாதம்தான், புதுப்பிக்கும் எண்ணமும் இல்லை என்றால், ஸ்கிராப்புக்குப் போகிற பைக்குக்கு எக்ஸ்-ரிங் எதற்கு? சாதா செட்டே போதும். இன்னொன்று, ஓ-ரிங் செயின் சற்று அகலமானது. சில சிறிய பைக்குகளில் முன்பக்க மூடியை உரசும், வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓ-ரிங் செயினைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், ரப்பர் போய்விடும். மண்ணெண்ணெயும் மெதுவான பிரஷ்ஷும் போதும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைப்பவர்களை இந்தத் தளத்திலேயே பார்த்திருக்கிறேன். துணி சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், என்ன அவசரம்?

பின் ஸ்ப்ராக்கெட் அலுமினியமா இரும்பா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: பந்தயத்துக்கு அலுமினியம், வேலைக்கு இரும்பு.

மாற்றுவது இங்கேயா, ஜோகூரிலா? அங்கே கூலி மலிவு, அது உண்மை. எந்த வேலி தாண்டினாலும் மூன்றை மட்டும் கவனியுங்கள். புதுச் செயின் பெட்டியை உங்கள் கண்முன் திறக்கட்டும். செயின் சுற்றும்போது ஓரிடத்தில் டைட்டாகவும் ஓரிடத்தில் லூஸாகவும் இருக்கும். மிக டைட்டான இடத்தில் வைத்துத்தான் தொய்வை அளக்க வேண்டும். செயினின் இரு முனையையும் சேர்ப்பது கிளிப் லிங்க் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மீன் நீந்துகிற மாதிரி: தலை முன்னே, பிளந்த வால் பின்னே. திருப்பி மாட்டிய கிளிப் எதிலாவது தட்டிக் கழன்று விழுந்தால், விரைவுச்சாலையில் அறுந்த செயின் எஞ்சின் உறையை உடைக்கலாம், பின் சக்கரத்தையே பூட்டிவிடலாம்.

தம்பியின் பைக்குக்கு வருவோம். முதல் இடத்தில் 255.5. “பாத்தீங்களா அண்ணே, நல்லாத்தான் இருக்கு” என்றார். இரண்டாம் இடமும் அதேதான். மூன்றாம் இடத்தில் 258. ரூலரைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை அளந்தார், அதே 258. அந்த லிங்குகளின் ஓரத்தில் செம்மண் மாதிரி துருப்பொடி கசிந்திருந்தது. இரண்டு லிங்க் மடங்கவே அடம்பிடித்தது. இவ்வளவு நாளும் அவர் அந்த லூஸான இடத்தைப் பார்த்தே டைட் பண்ணியிருக்கிறார், மற்ற இடமெல்லாம் வீணை நரம்பு மாதிரி விறைத்திருந்திருக்கும்.

அங்கிள் எதையும் அளக்காமலே சொன்னார், ஆனாலும் சொன்னது சரிதான். மறுநாள் மதியம் தம்பி போட்டோ அனுப்பினார்: ஓ-ரிங் செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட், பக்கத்தில் ஒரு புது ரூலர்.