மொறிஸ் மைனர் முதல் எச்-பீம் வரை: எந்த கனெக்ரிங் றொட் உறுதி?

பிஸ்ரனைக் கிராங்கோடு இணைப்பது கனெக்ரிங் றொட். அதன் நடுத்தண்டின் குறுக்குவெட்டு H போலவா I போலவா என்பதை வைத்துத்தான் எச்-பீம், ஐ-பீம் என்று பெயர். எச்-பீம் திறமா, ஐ-பீம் திறமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் றொட்டின் நடுத்தண்டை மட்டும்தான் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் கார் ஓட்டியதிலும், எஞ்சின் கழற்றும் நேரங்களில் கராஜில் பக்கத்தில் நின்று பார்த்ததிலும் எனக்குப் பிடிபட்டது வேறு. எங்கள் பாவனைக்கு முதலில் பார்க்க வேண்டியவை பிக் எண்டும், அதாவது கிராங்கைக் கவ்வும் கீழ் வளையமும், அதன் கழற்றக்கூடிய பாதியான மூடியை இறுக்கும் போல்ற்றும். தண்டின் வடிவம் அதற்குப் பிறகுதான்.

என்னுடையது மொறிஸ் மைனர் 1000, 948 சிசி. 1956 இல் வந்த எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 62.9 மில்லிமீற்றர்தான். றொட்டை அந்த ஓட்டையால் உருவி எடுக்க வேண்டும் என்பதால் பிக் எண்டைச் சரிவாகப் பிளந்திருக்கிறார்கள். மேலே, றொட்டைப் பிஸ்ரனோடு கோக்கும் கஜன் பின்னை ஒரு சின்ன போல்ற் கவ்விப் பிடிக்கிறது. உறுதி என்று பார்த்தால் இரண்டுமே விட்டுக்கொடுத்துச் செய்தவை. சரிவான பிளவில் இழுவிசையின் ஒரு பங்கு மூடியைப் பக்கவாட்டில் நழுவ வைக்கப் பார்க்கும். கவ்வும் போல்ற்றுக்காக வெட்டிய பிளவில் உலோகத்துக்குக் கூடுதல் களைப்பு. அந்த போல்ற்றை இறுக்கும்போது றொட்டை வைஸில் பிடிக்கக்கூடாது, பின்னைத்தான் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் றொட் முறுகிவிடும்.

இவ்வளவு குறை இருந்தும் இந்த றொட் எதையெல்லாம் தாங்கியது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், இந்தக் கார்கள் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, எஞ்சின் தட்டும். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். இரண்டு அடியும் விழுவது பிக் எண்ட் பெயாரிங்கில்தான். எங்கள் மெக்கானிக் அண்ணை தகப்பன் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர். பெயாரிங் கரைந்து "டக் டக்" என்று வந்த எஞ்சின்கள் எத்தனையோ, ஆனால் தண்டு தானாக முறிந்து வந்தது அரிது என்பார்.

காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பிஸ்ரன், பின், றொட்டின் மேற்பகுதி எல்லாம் சேர்த்து அரைக் கிலோ என்று வையுங்கள். 948 இன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம், 76.2 மில்லிமீற்றர். 5000 ஆர்பிஎம்மில் பிஸ்ரன் உச்சியில் திரும்பும்போது றொட்டை இழுக்கும் விசை ஏறத்தாழ 670 கிலோ எடைக்குச் சமம். 2500 ஆர்பிஎம்மில் அது நாலில் ஒன்று, 170 கிலோகூட இல்லை. வேகம் இரட்டித்தால் இழுவை நாலு மடங்கு. எரியும்போது கீழே தள்ளும் அமுக்கம் இதைவிடப் பெரியது. 40 பார் என்று எடுத்தாலும் ஒன்றேகால் தொன் வரும். ஆனால் அமுக்கம் வெடிப்பை வளர்க்காது. இழுவைதான் வளர்க்கும், அந்த இழுவையைக் கடைசியில் ஏற்பவை போல்ற்றுகள். எங்கள் வீதிகளில் சட்டப்படி 70 கிலோமீற்றர்தான். மொறிஸ் டொப் கியரில் அறுபதில் போனால் ஏறத்தாழ 2500 ஆர்பிஎம். தண்டு முறிய வேண்டிய தேவையே வருவதில்லை.

என் மச்சான் தன் பழைய கொரோலாவுக்குக் கனடாவிலிருந்து 4340 என்ற உறுதியான கலப்பு உருக்கில் செய்த எச்-பீம் செற் ஒன்றை எடுப்பித்துப் போட்டார். அழகான வேலைப்பாடு, மறுக்க மாட்டேன். கிராங் நீட்டுக்குப் பார்த்தால் ஐ-பீமில் பள்ளம் முகத்தில் இருக்கும், எச்-பீமில் முகம் தட்டையாக, பள்ளம் பக்கவாட்டில் இருக்கும். ஐ-பீம் பழைய சரக்கு என்று நினைப்பது தவறு. றொட் ஆடும் தளத்தில் இரு முனையும் சுழலக்கூடியவை. மற்றத் தளத்தில் இரு முனையும் இறுகியவை. அதனால் ஆடும் தளத்தில் வளைவை எதிர்க்க நாலு மடங்கு விறைப்பு வேண்டும். தடிப்பு ஒன்று, அகலம் நாலு, உயரம் ஐந்து என்ற பாடப்புத்தக ஐ-வடிவம் 3.2 மடங்கைத் தருகிறது. குறைந்த உலோகத்தில் அவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம். மச்சானின் காரில் கண்டி வீதியால் பலமுறை போய் வந்திருக்கிறேன். ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ரேர்போ போட்டவருக்கும் ரேஸ் ஓடுபவருக்கும் அது வேண்டும். அவருக்கு உண்மையில் கிடைத்த லாபம் செற்றோடு வந்த நல்ல போல்ற்றுகள்.

புதிய கார்களில் பிக் எண்டை வெட்டாமல் உடைத்துப் பிளக்கிறார்கள். உடைந்த முகங்கள் மணிமணியாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதால் மூடி அசையவே அசையாது. வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், ஆனால் இங்கே திருத்துவதற்கு இது சங்கடம். பிக் எண்ட் முட்டை வடிவமானால் மூடியைச் சீவி லேத்தில் திரும்பக் கடையும் பழைய வழி இதற்குச் சரிவராது. அநேகமாகப் புது றொட்தான். இன்னொன்றின் மூடியை மாற்றிப் போடவும் முடியாது. 1990 இல் ஹொண்டா என்எஸ்எக்ஸ் ரைற்றேனியம் றொட்டோடு வந்தது. அது எங்கள் சந்தைக்கு எட்டாத கதை.

இங்கே தண்டை உண்மையில் வளைப்பது கார்த்திகை மார்கழி வெள்ளம். காற்று இழுக்கும் குழாய் தாழ இருக்கும் சின்னக் கார்கள் தேங்கிய தண்ணிக்குள் போனால் சிலிண்டருக்குள் தண்ணி ஏறும். தண்ணி அமுங்காது, றொட்தான் வளையும். எச்-பீமும் அதற்குத் தப்பாது. எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்ராட் பண்ணாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, தண்ணியை வெளியேற்றி, நாலு பிஸ்ரனும் உச்சியில் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று அளக்கச் சொல்லுங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் அந்த றொட் வளைந்துவிட்டது. அப்படியே ஓடினால் கொஞ்சக் காலத்தில் முறிந்து, புளொக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

மொறிஸை அடுத்த முறை திறக்கும்போது அதே றொட்களைத்தான் போடப்போகிறேன். வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பிக் எண்டின் வட்டத்தை அளந்து, புது போல்ற்றும் அது கழலாமல் பிடிக்கும் லொக் பிளேற்றும் வாங்கி, 35 இறாத்தல்-அடிக்கு ரோர்க் றெஞ்சால் இறுக்குவோம். எந்த மூடி எந்த றொட்டுக்கு என்று மாறிவிடாமலிருக்க, றொட்டிலும் மூடியிலும் இலக்கம் அடித்திருக்கிறதா என்று கழற்ற முதலே பார்க்க வேண்டும்.