எல்.கே.ஜி. முதல் டி.சி. வரை: ஒரு கன்னியர் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள்

மகளை 2013இல் எல்.கே.ஜி.யில் சேர்த்தேன். அவள் தம்பி 2018இல் சேர்ந்தான். 2025 மே மாதம் இருவருக்கும் ஒரே வாரத்தில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கினேன். பாளையங்கோட்டையில் கன்னியர் நடத்தும் மெட்ரிகுலேஷன் பள்ளி, பெயர் வேண்டாம். பாடம் நடத்துவதில் குறை சொல்ல மாட்டேன். விதிகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விண்ணப்பத்தில் 'மதம்' என்ற கட்டத்துக்குக் கீழே 'பங்கு', அதாவது எந்தக் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்தவர்கள், என்று ஒன்று இருந்தது. பங்குத்தந்தையின் கடிதம் இருக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முதல் இடம், அடுத்து பிற சபையார், மிச்சம் மற்றவர்களுக்கு. நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர்கள். எங்கள் ஊரில் குருவானவரை ஐயர் என்போம். கடிதம் கேட்டுப் போனபோது ஐயர் பேனாவை எடுக்கவில்லை. சபைப் பதிவேட்டை எடுத்தார். விரலை வரி வரியாக இறக்கி எங்கள் பெயரில் நிறுத்தினார். இரண்டு வருடச் சந்தா பாக்கி. "முதலில் இதை முடித்துவிடுவோமா?" என்றார். பள்ளிக்காக நான் கட்டிய முதல் கட்டணம் அதுதான்.

பக்கத்து வீட்டு அக்கா, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தன் மகனுக்கு இங்கே இடம் கேட்கப் போய் வெறுங்கையோடு திரும்பினார். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014 மே மாதமே தீர்ப்பளித்துவிட்டது. பள்ளி வாசலிலிருந்து அவர் வீடு முந்நூறு மீட்டர்கூட இருக்காது.

மகன் பிறந்தது ஆகஸ்ட் 4. ஜூலை 31இல் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. நான்கு நாளுக்காக ஒரு வருடம் வீட்டில் இருந்தான். மன்றாடிப் பார்த்தேன், தலைமையாசிரியை சிஸ்டர் காலண்டரைத் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான்.

மதம் மாற்றுவார்களா என்று கேட்கிறவர்களுக்கு: பெற்றோர் சம்மதமில்லாமல் மதபோதனை வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவே சொல்கிறது. இங்கே கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது மதபோதனை வகுப்புக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. என் மகளும் நன்னெறிக்குத்தான் போனாள். "நாம் என்ன கிறிஸ்தவர்கள் இல்லையா?" என்று என் மாமியார்தான் பல நாள் பொருமிக்கொண்டிருந்தார்.

என் உண்மையான வருத்தம் பதினோராம் வகுப்பில். சேர்க்கும்போது அலுவலகத்தில், "பன்னிரண்டு வரைக்கும் கவலையில்லை" என்றார்கள். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும், இதே பள்ளியில் படித்த பிள்ளைகளும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் பிரிவு என்றார்கள். உயிரியல் கேட்டவளுக்கு வணிகவியல்தான் உண்டு என்றார்கள். வெளியிலிருந்து வந்த அதிக மதிப்பெண்காரர்களுக்கு அந்த இடங்கள் போயின. பள்ளிக்குத் தேர்ச்சி விளம்பரம் வேண்டும், புரிகிறது. ஆனால் இதை ஒன்பதாம் வகுப்பிலாவது எழுத்தில் தந்திருக்கலாம். பையன்களுக்கு ஐந்தாம் வகுப்போடு சரி என்பதாவது சேர்க்கைத் தாளிலேயே அச்சாகியிருந்தது.

வேறு பள்ளி பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்து டி.சி. கேட்டால், கடைசிப் பருவக் கட்டணப் பாக்கியைக் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள். பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தக் கூடாது, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னதை எடுத்துச் சொன்னேன். எழுத்தர் முகம் மாறியது; இரண்டு நாளில் தந்தார்கள். பாக்கியை ஜூனில் கட்டி ரசீது வாங்கிக்கொண்டேன்.

வாங்கிய டி.சி.யை அங்கேயே நின்று பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மகளுடையதில் தலைப்பெழுத்து விடுபட்டிருந்தது. ஜன்னலை மூடப் போனவரை நிறுத்தித் திருத்தி வாங்குவதற்குள் மதிய மணி அடித்துவிட்டது.